பழைய ஆர்.எக்ஸ்.இசட். சொன்ன வரலாறு



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வகுப்பறை அனுபவங்கள் என்று எழுதிவரும் நான், இம்முறை ஒரு பழைய மோட்டார்சைக்கிளைப் பற்றி எழுதப் புகுந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். இது மோட்டார்சைக்கிளின் கதை மட்டுமன்று. என் கண்ணெதிரே நான் செய்த ஒரு தவற்றை, நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு எனக்கு எடுத்துக்காட்டிய கதை. பொறுமையுடன் படித்துப் பாருங்கள்.

2009ஆம் ஆண்டு, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. யமஹா நிறுவனத்தின் ஆர்.எக்ஸ்.இசட். ஒன்றை 1,500 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். 1992இல் பதிவு செய்யப்பட்ட வண்டி அது. இன்று அவ்வகை வண்டிகளுக்கு நல்ல நிலையில் இருந்தால் கேட்கப்படும் விலையை நினைத்தால், அதனை இலவசமாகப் பெற்றதாகவே கருத வேண்டும். ஆனால், வாங்கிய அன்று அது உயிரற்றுக் கிடந்தது. கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில், கிழிந்த தார்ப்பாயின் கீழ் நான்கு ஆண்டுகளாக அசையாமல் நின்றிருந்தது.

விற்றவர் அறுபதைக் கடந்த பெரியவர். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பெற்றோருடன் பால்மரம் வெட்டி, தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியானபோது லயத்தைவிட்டு வெளியேறியவர்.

"கண்ணு சரியா தெரியல சார். அதான் குடுக்குறேன். ஆனா ஒன்னு, கழட்டி கழட்டி சாமானா விக்கிறதா இருந்தா வேணாம். ஓட்டுறதா இருந்தா எடுத்துக்குங்க" என்றார்.

ஓட்டுவதற்குத்தான் என்று உறுதி கூறினேன். சற்று நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "இத வாங்குன அன்னைக்கிதான் நான் தோட்டத்த விட்டு வெளிய வந்தேன்" என்றார். அந்த வாக்கியத்தின் முழுப்பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு

மலேசியத் தமிழர்களின் வாழ்வில் மோட்டார்சைக்கிளுக்கு உள்ள இடத்தை நம் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. 1958இல் ஜப்பானில் அறிமுகமான ஹோண்டா 'கப்' வகை வண்டி, பின்னர் நம் நாட்டில் 'கப்சாய்' என்னும் பெயரால் வீட்டுக்கு வீடு நுழைந்தது. தோட்டப்புறத்தில் அது பால் வாளியைச் சுமந்தது. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டது. அவசரத்துக்கு நோயாளியையும் ஏற்றிச் சென்றது.

1970கள் தொடங்கி நாடு தொழில்மயமாயிற்று. பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய சுங்கை வே சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972இல் தோன்றியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் சாலைகளாகவும் மாறின. இன்றைய புத்ராஜெயாவே ஒருகாலத்தில் பிராங் பெசார் என்னும் தோட்டமாக இருந்ததுதான். தோட்டத்துப் பிள்ளைகள் ஆலைகளில் மூன்று வேளை மாற்றுப் பணிக்குச் சென்றனர். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வருபவனுக்கு எந்தப் பேருந்து காத்திருக்கும்? சொந்தமாக ஒரு மோட்டார் இருப்பவனால்தான் தனக்கு ஏற்ற வேலையைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிள்களுக்கென்று தனித்தடம் அமைக்கப்பட்டதும் அந்த எழுபதுகளில்தான். தலைக்கவசம் அணிவது கட்டாயமாக்கப்பட்டது 1973இல்.

1980களின் நடுப்பகுதியில் ஆர்.எக்ஸ்.இசட். வந்தது. கப்சாயைப் போல் அது குடும்ப வண்டியன்று, இளைஞனின் வண்டி. 133 சி.சி. கொள்ளளவு, இரண்டு வீச்சு எஞ்சின், காற்றால் குளிர்விக்கப்படும் ஒற்றை உருளை, முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். முதலில் ஐந்து கியர்களுடனும் பின்னர் ஆறு கியர்களுடனும் வெளிவந்தது. 250 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளுக்கான பி2 உரிமம் இருந்தாலே போதும். பெரியவர், ஆலையில் மிகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில், எவரையும் கேட்காமல் தமக்கென்று வாங்கிய முதல் பொருள் அதுதான் என்பதைப் பின்னொரு நாள் அவரே சொல்லக் கேட்டேன். காலைப் பிரட்டுக்கு வரிசையில் நின்று பழகிய ஒருவர், தாம் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்று உணர்ந்த நாள் அது.

பட்டறையில் ஒரு பழைய மாணவன்

பழைய வண்டி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினையன்று; எண்களை. எஞ்சினிலும் சட்டத்திலும் பொறிக்கப்பட்ட எண்கள், 'கிராண்ட்' எனப்படும் உரிமைப் பத்திரத்தில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். ஆர்.எக்ஸ்.இசட். திருடர்களுக்கும் பிடித்தமான வண்டி; ஆகவே, எண் தேய்க்கப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். என் வண்டியின் எண்கள் ஒத்திருந்தன. அது ஒன்றே எனக்குத் தெரிந்த பரிசோதனை. மற்றவற்றுக்கு ஒரு பட்டறையைத் தேடினேன்.

ஊர் எல்லையில் இருந்த பட்டறையில், கை முழுவதும் எண்ணெயுடன் எழுந்து நின்ற இளைஞனை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். 2002இல் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தேறாதவன். (அத்தேர்வே 2021இல் அகற்றப்பட்டுவிட்டது என்பது வேறு கதை.) அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

"சார்!" என்றவன் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்க கெடச்சுது இந்த வண்டி?" என்று கேட்டான். நலம் விசாரிப்பதற்கு முன்பே வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

விடுமுறையின் ஆறு வாரங்களில் பெரும்பாலான மாலைப்பொழுதுகளை அந்தப் பட்டறையில் கழித்தேன். அவன் கழற்றுவான், நான் சிறு சிறு டப்பாக்களில் திருகாணிகளைப் போட்டுப் பெயரெழுதி வைப்பேன். வரிசையாகக் குறைகள் வெளிப்பட்டன. தொட்டியின் உட்புறம் துரு. காபுரேட்டரின் நுண்துளைகளில், நாட்பட்ட பெட்ரோல் பிசினாகக் காய்ந்து அடைத்திருந்தது. முன் முட்டுத்தண்டுகளில் எண்ணெய்க் கசிவு. சங்கிலியும் பற்சக்கரங்களும் தேய்ந்திருந்தன. புகைபோக்கியில் கரி அப்பியிருந்தது.

மோசமானது உள்ளே இருந்தது. பிஸ்டனின் பக்கவாட்டில் செங்குத்தான கீறல்கள். காரணத்தை அவன் விளக்கிய விதம் இன்றும் நினைவில் இருக்கிறது. சுழல்தண்டின் ஓரங்களில் உள்ள ரப்பர் 'சீல்' காய்ந்து கெட்டியாகிவிட்டால், வெளிக்காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழையும். காற்று மிகுந்து பெட்ரோல் குறையும். இரண்டு வீச்சு எஞ்சினில் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் உராய்வைக் குறைக்கிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சூடு ஏறும், பிஸ்டன் விரியும், உருளையோடு உரசிப் பிடித்துக்கொள்ளும். "பிஸ்டன மட்டும் மாத்திட்டு சீல மாத்தாம விட்டா, மறுபடியும் இதே கதைதான் சார்" என்றான்.

விளைவைச் சரிசெய்து காரணத்தை விட்டுவிடக் கூடாது என்பதை நான் வகுப்பில் எத்தனையோ முறை கூறியிருக்கிறேன். அன்று அது எனக்குக் கற்பிக்கப்பட்டது.

உருளையை 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பிஸ்டனைப் பொருத்துவதென்று முடிவாயிற்று. ஒரு கடையில் அசல் என்று நம்பி வாங்கிய பிஸ்டன் போலி என்று தெரியவந்தது. அதற்குக் கொடுத்த பணம் போனதுதான். இரண்டாவதாக வாங்கியதை அவன் அளவுகருவியால் மும்முறை அளந்த பின்னரே ஏற்றுக்கொண்டான்.

நாக்கு

ஒருநாள் மாலை, காபுரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே இருந்த ஒரு சிறு கட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். கூரை வடிவில் இருந்த அதன்மேல் மெல்லிய தகடுகள் படிந்திருந்தன. ஒன்றின் நுனி உடைந்திருந்தது.

"இது என்ன?"

"ரீட் வால்வு சார். எஞ்சின் உறிஞ்சும்போது தொறக்கும். தள்ளும்போது தானா மூடிக்கும். உள்ள போன காத்து வெளிய திரும்பாது." சற்றுத் தயங்கி, தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "நம்ம ஸ்கூல் ஆர்மோனியப் பெட்டில இருக்கும்ல சார், நாக்கு... அது மாதிரி."

எனக்கு நினைவு வந்தது. 2002இல் பள்ளியின் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஒலிக்கவில்லை. ஒருநாள் ஓய்வு நேரத்தில் இவன் அதனைத் திறந்து, திருகாணிகளை மேசைமேல் வரிசையாக அடுக்கி வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிப் பொருளைப் பாழாக்கிவிட்டான் என்று எண்ணி, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். ஆண்டிறுதி அறிக்கையில், 'பாடத்தில் கவனமில்லை. பொருள்களைப் பிரித்துப் போடுவதிலேயே நாட்டம்' என்று எழுதினேன். ஆர்மோனியம் பண்டக அறைக்குப் போனது. அதன்பின் எவரும் அதனைத் தொடவில்லை.

அவன் அதைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிரவு, இந்த வண்டியைச் செய்த நிறுவனத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே திகைத்துப்போனேன்.

ஹமமட்சு பள்ளியில் ஒரு பழுது

1887ஆம் ஆண்டு. ஜப்பானின் ஹமமட்சு நகரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆர்கன் பழுதாகிவிட்டது. காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்து ஒலியெழுப்பும் கருவி அது. நம் ஆர்மோனியத்தின் நெருங்கிய உறவு. ஊரில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த தொராகுசு யமஹா என்பவரை அழைத்தனர். அவர் அதனைப் பிரித்தார், உள்ளமைப்பை ஆராய்ந்தார், சரிசெய்தார். அத்தோடு நில்லாமல், இதனை நாமே செய்யலாமே என்று எண்ணினார்.

தாம் செய்த ஆர்கனை ஒரு நண்பருடன் தோளில் தூக்கிக்கொண்டு, ஹக்கோனே மலைகளைக் கடந்து, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்து தோக்கியோ சென்றார். அங்கிருந்த இசைக் கல்விக்கூடத்தார், சுருதி சரியில்லை என்று கூறிவிட்டனர். அவர் மனந்தளராமல் அங்கேயே தங்கிச் சுருதி சேர்க்கும் கலையைக் கற்றுத் திரும்பினார். 1897இல் அவருடைய தொழிற்கூடம் 'நிப்பொன் கக்கி' என்னும் நிறுவனமாயிற்று. இன்றும் யமஹா மோட்டார்சைக்கிளின் தொட்டியில் காணப்படும் சின்னம், ஒன்றையொன்று குறுக்கிடும் மூன்று இசைக்கவைகள்தாம். தினமும் பார்த்தும் நான் அதனைச் சக்கரத்தின் ஆரங்கள் என்றே நினைத்திருந்தேன்!

இரண்டாம் உலகப் போரின்போது அந்நிறுவனம் விமானச் சுழலிகளைச் செய்தது. போர் முடிந்தபின் அந்த இயந்திரங்கள் வேலையின்றிக் கிடந்தன. அவற்றைப் பயன்படுத்தி மோட்டார்சைக்கிள் செய்ய முடிவெடுத்தார் தலைவர் கெனிச்சி கவாகாமி. 1955இல் யமஹா மோட்டார் நிறுவனம் பிறந்தது. முதல் வண்டி ஒய்.ஏ.1. செந்நிறத்தில் ஒல்லியாக இருந்த அதனை மக்கள் 'செந்தும்பி' என்று அழைத்தனர். அவ்வாண்டே புஜி மலையேற்றப் பந்தயத்தில் அது வெற்றி பெற்றது.

ஒரே ஊரிலிருந்து இருமுறை

ஒய்.ஏ.1 முழுக்க முழுக்க ஜப்பானியச் சிந்தனையன்று. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் சோப்பாவ் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே இயங்கிய டி.கே.டபிள்யூ. நிறுவனம், 1920களின் இறுதியில் உலகிலேயே மிகப் பெரிய மோட்டார்சைக்கிள் உற்பத்தி நிறுவனமாகத் திகழ்ந்தது. அதன் ஆர்.டி.125 என்னும் எளிய இரண்டு வீச்சு வண்டியைப் போருக்குப்பின் பல நாடுகள் பார்த்துச் செய்தன. பிரிட்டனின் பி.எஸ்.ஏ. பாண்டம், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் 125, சோவியத் ஒன்றியத்தின் வண்டி, யமஹாவின் செந்தும்பி ஆகிய யாவும் அதன் வழித்தோன்றல்களே.

போருக்குப்பின் சோப்பாவ் கிழக்கு ஜெர்மனிக்குள் அடங்கியது. அதே ஆலை பின்னர் எம்.இசட். என்று பெயர் பெற்றது. அங்கு பணியாற்றிய வால்டர் காடன் என்னும் பொறியாளர், புகைபோக்கியை வெறும் குழாயாகப் பார்க்கவில்லை. எரிந்த வாயு வெளியேறும்போது எழும் அழுத்த அலை, விரிந்து குறுகும் கூம்பு வடிவக் குழாயில் மோதித் திரும்பி வரும். சரியான கணத்தில் அது திரும்பி வந்தால், வெளியே நழுவிய புதிய எரிபொருளை மீண்டும் உருளைக்குள் தள்ளிவிடும். குழாயின் நீளமும் வடிவமும் சரியாக அமைந்தால், எஞ்சினின் ஆற்றல் பெருகும். 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின், ஒரு லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்னும் கணக்கை எட்டியது. இதுவும் இசைக்கருவியின் அறிவியல்தான் என்பதை நாகசுரம் அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே 1961இல், எம்.இசட். பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் பந்தயத்தின்போது மேற்குலகுக்குத் தப்பிச் சென்று, சுசுக்கி நிறுவனத்தில் சேர்ந்தார். காடனின் நுணுக்கங்களும் அவருடன் சென்றன. மறு ஆண்டே சுசுக்கி 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டத்தை வென்றது. 1964இல் யமஹா, பில் ரீட் வாயிலாக 250 சி.சி. பட்டத்தைக் கைப்பற்றியது. இவ்வாறு, சோப்பாவ் என்னும் ஓர் ஊரின் அறிவு இருமுறை ஜப்பானுக்குப் பயணமாயிற்று. முதன்முறை பார்த்துச் செய்ததன் வழி, இரண்டாம் முறை ஒரு மனிதர் தப்பியோடியதன் வழி.

யமஹாவும் தன் பங்கைச் சேர்த்தது. 1964இல், பெட்ரோலில் எண்ணெயைக் கையால் கலக்கும் தொல்லையை ஒழித்து, ஒரு சிறு பம்பின் வழி எண்ணெயைத் தானே அளந்து செலுத்தும் 'ஆட்டோலூப்' முறையைக் கொண்டுவந்தது. 1972 வாக்கில் ரீட் வால்வைச் சாலை வண்டிகளில் பரவலாக்கத் தொடங்கியது. நாக்கு வைத்த இசைப்பெட்டியில் தொடங்கிய நிறுவனம், எஞ்சினுக்கும் ஒரு நாக்கு வைத்தது! ஆர்.எக்ஸ். குடும்பத்தின் பிள்ளைகள் பல நாடுகளில் வளர்ந்தனர். இந்தோனேசியாவில் ஆர்.எக்ஸ்.கிங், இந்தியாவில் 1985 முதல் 1996 வரை ஆர்.எக்ஸ்.100, நம் நாட்டில் ஹோங் லியோங் யமஹா தயாரித்த ஆர்.எக்ஸ்.இசட்.

முடிவும் மிச்சமும்

இவ்வெஞ்சினைப் போற்றுவதோடு நிறுத்திவிட்டால் நேர்மையாகாது. இரண்டு வீச்சு எஞ்சின் எண்ணெயையும் சேர்த்து எரிக்கிறது; எரியாத பெட்ரோலில் ஒரு பகுதியை வெளியே விடுகிறது. அந்த நீலப்புகையைச் சுவாசிப்பது பின்னால் வருபவர்தான். 2003இல் மோட்டார்சைக்கிள் புகைவெளியேற்றக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் நம் நாட்டில் இயற்றப்பட்டன. ஆர்.எக்ஸ்.இசட். வினையூக்கி பொருத்திய புகைபோக்கியுடன் சிலகாலம் தாக்குப்பிடித்து, 2011இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. 2024இல் திரெங்கானுவில் இவ்வண்டிக்கென்றே நடந்த ஒன்றுகூடலுக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் திரண்டதைக் கண்டபோது, உற்பத்தி நின்றாலும் நினைவு நிற்பதில்லை என்று உணர்ந்தேன்.

இன்னொன்றையும் ஆசிரியன் என்னும் முறையில் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். ரெம்பிட் பந்தயங்களுக்கு இவ்வண்டி பெயர்போனது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. என் வண்டியின் புகைபோக்கியை அசல் நிலைக்கே மாற்றினோம். முன்பு எவரோ அகற்றியிருந்த எண்ணெய்ப் பம்பைத் தேடிப்பிடித்து மீண்டும் பொருத்தினோம். வேகத்தைக் கூட்டும் எந்த மாற்றமும் வேண்டாம் என்று முதலில் சொன்னவன் என் மாணவன்தான். "ஃபிரண்டு ரெண்டு பேர எழந்துட்டேன் சார்" என்று மட்டும் சொன்னான்.

வண்டி ஓடத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் வீட்டுக்கு ஓட்டிச் சென்றேன். நான் வாசலை அடையும் முன்பே, சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு வெளியே வந்து நின்றார். தொட்டியைக் கையால் தடவிப் பார்த்தார். "அதே சத்தம்" என்றார்.

மொத்தச் செலவு, வண்டியின் விலையையும் சேர்த்து, நான்காயிரம் ரிங்கிட்டைத் தொட்டது. மாணவன் தன் உழைப்புக்குக் கூலி வாங்க மறுத்தான். வற்புறுத்தியபோது, "அந்த ஆர்மோனியம் இன்னும் ஸ்கூல்ல இருக்கா சார்?" என்று கேட்டான்.

2010 சனவரியில், தலைமையாசிரியரின் அனுமதியுடன் அதனைப் பண்டக அறையிலிருந்து எடுத்து அவனிடம் கொண்டுபோனேன். இம்முறையும் திருகாணிகளை வரிசையாக அடுக்கி வைத்தான். ஒலிக்காத கட்டைக்குரிய நாக்கில் பாசியும் தூசியும் படிந்து ஒட்டிக்கொண்டிருந்தன. மெல்லிய தாளை நுழைத்துச் சுத்தம் செய்தான். அரை மணி நேர வேலை. எட்டு ஆண்டுகள் அது ஊமையாகக் கிடந்ததற்கு யார் காரணம் என்பதை நான் இங்கு மீண்டும் எழுத வேண்டியதில்லை.

இன்று அவன் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். இரண்டு இளைஞர்கள் அவனிடம் தொழில் கற்கிறார்கள். ஆர்மோனியம் எங்கள் பள்ளியின் திங்கட்கிழமைச் சபைகூடலில் ஒலிக்கிறது. அந்த ஒரு சுரம் மட்டும் இன்றும் சற்றே இறங்கி ஒலிக்கும். கேட்கும்போதெல்லாம் எனக்கு அது தேவையாகவே இருக்கிறது.

ஹமமட்சு பள்ளியில் பெட்டியைத் திறந்தவரைச் சுற்றியிருந்தவர்கள் திறக்க விட்டார்கள். அவ்வளவுதான் வேறுபாடு. ஆண்டிறுதி அறிக்கையில் 'பொருள்களைப் பிரித்துப் போடுகிறான்' என்று எழுதும் முன், மீண்டும் சேர்க்கத் தெரிகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம், ஆசிரிய நண்பர்களே.